தீபாவளி அலங்காரப் பக்கத்தைப் புரட்டாசியிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருஷா வருஷம் வீட்டு அலங்காரக் குறிப்புகளைத் தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் போடுகிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் ஒரு கையில் முறுக்குக் குழலும் மறு கையில் துடைப்பமுமாக நிற்கிறவள் பேப்பரை எப்போது விரிப்பது?

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சமயத்தில் எங்கள் மலேசியச் சுங்கை சிப்புட்டில் சாயங்காலமானால் இடியும் மழையும்தான், அடித்த பெயிண்டும் காயாது, துவைத்த திரைச்சீலையும் காயாது. தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தபோது அப்பா சுண்ணாம்பு வாளியை வெளியே எடுத்தாலே தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது தாமான் குடியிருப்பு வீட்டில் டைல்ஸ் எல்லாம் போட்டிருக்கிறோம், அந்த முன்யோசனைதான் இல்லை.

என் கதையையே சொல்கிறேன். போன தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி மினுமினுக்கும் லிப்-லாப் விளக்குப் பெட்டியைத் திறந்தால், வயரை எலி கடித்து வைத்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்து ஓரம் குடியிருந்தால் எலிக்குப் பஞ்சமா? அவசரத்துக்கு பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு சரம் வாங்கி வந்தார் வீட்டுக்காரர், சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. அதைச் செருகிய அதே எக்ஸ்டென்ஷனில்தான் பிஸ்கட் சுடும் ஓவனும் ஓடுகிறது, போதாததற்கு நான் கெட்டிலையும் போட்டேன். 13 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 3,000 வாட்தான் தாங்கும். ஓவன் ஒரு 2,000, கெட்டில் ஒரு 2,000, அப்புறம் என்ன, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தோம். விளக்கைப் பாவம் குறை சொல்லவும் முடியாது.

கோலத்துக்குச் சாயம் போட்ட அரிசியும் அப்படித்தான். சரியாகக் காயாமல் டப்பாவில் அடைத்தேன், மூன்றாம் நாள் திறந்தால் பச்சை நிறம் எது, பூஞ்சை எது என்று தெரியவில்லை. இரண்டு நாள் வெயில் வேண்டும் அதற்கு. புது அகல் விளக்கை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றுகிற எண்ணெயை மண்ணே குடித்துவிடும். மாவிலைத் தோரணம் மட்டும்தான் கடைசி நாள் வேலை, முன்னாடியே கட்டினால் சுருண்டுவிடும்.

அதனால் ஐயா, அந்தப் பக்கத்தைப் புரட்டாசி முதல் சனிக்கிழமை போடுங்கள். அந்த மாதம் பாதி வீட்டில் சைவம், கோழிப் பெரட்டல் சமையல் குறிப்புக்கு ஒதுக்குகிற இடம் எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.

சுங்கை சிப்புட் வாசகி,
பேராக்