விளையாட்டு குறுக்குவழி அல்ல

ஆசிரியருக்கு,

ஸ்குவாஷ் ஆடி அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் சென்னைப் பிள்ளைகள் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். சேலத்தைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீரர் வேலவன் செந்தில்குமார் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக அணிக்காக ஆடியது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் கட்டுரை இதை இடம் பிடிப்பதற்கான குறுக்குவழியாகக் காட்டியது வருத்தம் தந்தது. பல்கலைக்கழக அணிகளின் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த வீரர்களுக்குச் சேர்க்கையில் சலுகை இருப்பது உண்மைதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை முறையை எதிர்த்த வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, அப்படி விண்ணப்பித்தவர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. சரி, பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுக்கும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது எத்தனை பேருக்குச் சாத்தியம்? இடம் கிடைத்தாலும், ஹார்வர்டு, கொலம்பியா உள்ளிட்ட ‘ஐவி லீக்’ என்ற குழுவின் எட்டுப் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி.

என் மகள் பதினோரு வயதில் ஆசையாகத்தான் ஆடத் தொடங்கினாள். ஒன்பதாம் வகுப்பில், ஓர் ஆலோசகரின் பேச்சைக் கேட்டு, தரவரிசைக்காக அவளை ஊர் ஊராக அலையவிட்டோம். முழங்கால் வலியோடும் ஆடினாள். அப்புறம் ஒருநாள் மட்டையைத் தொடவே மறுத்துவிட்டாள். அவள் நேசித்த ஒன்றை நாங்களே பறித்துவிட்டோம் என்ற வேதனை இன்றும் எனக்கு இருக்கிறது. இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, நான்கைந்து ஆண்டு பயிற்சிக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவையும், முயன்றும் இடம் கிடைக்காத பிள்ளைகளின் அனுபவத்தையும் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள்.

- ஒரு தாய், அடையாறு, சென்னை