ஏசி மாற்றுவதற்கு முன்னால் நம் வீட்டைப் பாருங்கள்: பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கும், நம்மைப் போலவே செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டை வைத்துக்கொண்டு வெளியூரிலிருந்து வந்து போகிற மற்றவர்களுக்கும்,

வணக்கம். முன்னோருக்குப் படையல் போட நாம் எல்லாரும் கூடுகிற படைப்பு வருவதற்குள் வீட்டில் இருக்கிற ஆறு பழைய ஏசியையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்டிவிடலாம், முடிந்தால் வீடு முழுக்கக் குளிர்காற்று போகிற டக்ட் குழாய் இழுத்து ஒரே பெரிய மிஷினாக வைத்துவிடலாம், முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிட்டால் குளிர் வெளியே போகாது என்று போன வாரம் நீங்கள் பேசி முடிவெடுத்திருக்கிறீர்கள். பணம் போடவும் தயாராக இருக்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு மாடி அறையில் படுக்கிறவர்கள் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன், யாரும் வேர்த்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் சாவியை வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் இந்த வீட்டோடு இருப்பவன் நான். நீங்கள் கிளம்பிப் போன பிறகு எந்தச் சுவர் ஊறுகிறது, எந்த வயர் சூடாகிறது என்று பார்ப்பவனும் நான்தான். அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். முகப்பு அறை ஏசி ஒருநாள் காற்று மட்டும் விட்டது, குளிரவில்லை. வந்த மெக்கானிக் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் போச்சு, இதுல செலவு பண்றது வேஸ்ட்" என்றார். நானும் நம்பி, அவர் சொன்ன கடையிலேயே புதிது வாங்கி, பழையதை எடைக்குப் போட்டுவிட்டேன். எடைக்கு எடுத்துப்போனவர் சில நூறு ரூபாயில் கெபாசிட்டர் என்கிற ஒரு சின்ன உதிரிபாகத்தை மாற்றித் தன் வீட்டில் மாட்டியிருக்கிறார், இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் ஒரு மிஷின் விலை மிச்சமாகியிருக்கும். ஆகவே "மாற்ற வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், எது போயிற்று, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். இன்னொரு கடை மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அதேபோல, வருஷா வருஷம் கேஸ் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏசிக்குள் இருக்கிற கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால் அடுத்த வருஷமும் அதே செலவுதான். உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா என்று பார்க்க அவுட்டோர் பெட்டியில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படியுங்கள். அதில் ஆர்22 என்று இருந்து, கம்ப்ரசரோ காயிலோ போயிருந்தால் மாற்றிவிடுவதே சரி. அந்த கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பது, மான்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது. நம் ஆறில் நான்கு ஆர்22, அவற்றில் இரண்டு ஓடுவதே இல்லை. ஆறில் மீதி இரண்டும் புதிய கேஸில் ஓடுபவை, நன்றாகவே குளிர்கின்றன. அவற்றை எதற்குக் கழற்ற வேண்டும்?

சரி, எத்தனை டன் வாங்குவது? இங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். டன் என்பது மிஷினின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கிற திறன், கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 3.5 கிலோவாட். கடையில் "ரூம் எத்தனை சதுர அடி?" என்று ஒரே கேள்வி கேட்டு டன் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு பத்தடி உயரக் கான்கிரீட் வீட்டுக்குப் போட்டது. நம் கீழ் அறைகளில் உத்தரம் பதினாலு அடியில் இருக்கிறது, சுவரோ ஒன்றரை அடிக்கு மேல் கனம், வெயில் நேராகப் படுகிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. மாடியில் மேற்குப் பார்த்த அறைக்கு மூன்று மணிக்கு மேல் அடுப்பு மாதிரி வெக்கை, ஆனால் அதன் பரப்பு கீழ் அறையைவிடச் சின்னது. சதுர அடியை வைத்து வாங்கினால் கீழே பெரியதும் மேலே சின்னதும் மாட்டி, இரண்டு இடத்திலும் கஷ்டப்படுவோம். நியூஜெர்சியில் இருக்கிற தம்பிக்கு இது தெரிந்திருக்கும், அங்கே வீட்டு ஏசி மாற்றும்போது மானுவல் ஜே என்று ஒரு கணக்கு போடுவார்கள்: சுவர், கூரை, ஜன்னல் எந்தத் திசை, எத்தனை பேர் இருப்பார்கள், எங்கே காற்று ஒழுகுகிறது, எல்லாவற்றையும் அறை அறையாகப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கை இங்கே அச்சு அசலாகப் போடச் சொல்லவில்லை. கடையிலிருந்து ஓர் ஆள் நேரில் வந்து டேப் பிடித்து அளந்து, மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை அறைக்குள் நின்று பார்த்துவிட்டு டன் சொல்லட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பெரியதாகவே வாங்கிவிட்டால் நல்லதுதானே என்று சிங்கப்பூர் அண்ணன் கேட்டார். நல்லதில்லை அண்ணே. பெரிய மிஷின் ஐந்து நிமிஷத்தில் அறையைச் சில்லென்று ஆக்கிவிட்டு நின்றுவிடும், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. உடம்பு சில்லிட்டும் பிசுபிசுப்பு போகாது, மெத்தை நமுத்துப்போன மாதிரி இருக்கும். இன்வெர்ட்டர் மிஷின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும்தான், ஆனால் அதுவும் ஓர் அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. போன தடவை 2 டன் போட்ட உள்ளறையில் ஆச்சி இரண்டு போர்வை கேட்டது இதனால்தான்.

அடுத்தது டக்ட். அமெரிக்காவில் குளிருக்குச் சூடும் வெயிலுக்குக் குளிர்ச்சியும் ஒரே குழாய் வழியாக வீடு முழுக்கப் போவது அந்த ஊர்ப் பனிக்கு அவசியம். சுவருக்குள்ளும் பரணிலும் டக்ட் ஓட இடம் விட்டே அங்கே வீடு கட்டுகிறார்கள். நமக்கு மார்கழியில் ஒரு போர்வை போதும், ஆகவே "ஹாட் அண்ட் கோல்ட்" மாடல் என்று கூடுதல் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டக்டை மறைக்க ஃபால்ஸ் சீலிங் அடிக்க வேண்டும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு உத்தரத்தில் ஆணி அடித்து அதை ஜிப்சம் பலகையால் மூடுவதற்கு நம் ஐயா சம்மதித்திருப்பாரா? அதோடு, நாம் படுப்பது நாலு அறையில். முற்றத்தைச் சுற்றியிருக்கிற வளவையும் பட்டாலைக் கூடத்தையும் சேர்த்துக் குளிர்வித்து என்ன செய்யப்போகிறோம்?

முற்றத்தை மூடுவது பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வீட்டுக்குள் சூடாகிற காற்று மேலே ஏறி முற்றத்து வழியாக வெளியேறுகிறது, அதன் இடத்துக்குத் தலைவாசலிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் புதுக் காற்று வருகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு வளவுத் திண்ணையில் ஃபேன் இல்லாமல் உட்கார முடிகிறதே, அது இந்த ஓட்டத்தால். மேலே ஷீட் போட்டால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. பக்கத்து ஊரில் இப்படி மூடிய ஒரு வீட்டில் போன கோடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், சட்டை நனைந்துவிட்டது. அங்கே இப்போது வளவுக்கும் ஏசி கேட்கிறார்கள். மழைத்தண்ணீர் முற்றத்தில் இறங்கிச் சேருகிற வழியும் அத்தோடு போய்விடும். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது எல்லாருமாகப் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் பாதி இந்த முற்றம். பறவை, குரங்கு வருகிறது என்றால் கம்பி வலை போதும்.

கரண்ட் சிக்கனத்துக்குப் போடுகிற ஸ்டார் விஷயத்தில் நான் சொல்வது கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கும். லேபிளில் போட்டிருக்கிற வருஷ யூனிட், ஏசி வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நாம் எல்லாரும் வந்து தங்குவது படைப்பு, ஒரு கல்யாணம், குழந்தைகள் லீவு எல்லாம் சேர்த்து இருபது நாள், நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினாலும் 200 மணி நேரம்தான், அதாவது எட்டில் ஒரு பங்கு. 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் லேபிளில் 200 யூனிட் வித்தியாசம் இருந்தால் நமக்கு மிச்சமாவது 25 யூனிட். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வருவதற்குள் மிஷினே பழசாகிவிடும். ஆகவே நம் வீட்டுக்கு 3 ஸ்டார் போதும். ஆனால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ குடியிருந்துகொண்டு தினமும் இரவு போடுகிறவர்கள் 5 ஸ்டாரே வாங்குங்கள், அதிலும் லேபிளில் எந்த வருஷத்து ஸ்டார் என்று பாருங்கள். அளவுகோலை இடையிடையே இறுக்கிக்கொண்டே வருகிறார்கள், பழைய 5 ஸ்டார் இன்றைக்கு அவ்வளவு இல்லை. மின்வாரிய பில்லில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறும் என்பதையும் அவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்வது வயரிங். மரப்பட்டியில் ஓடுகிற பழைய வயரில் லைட்டும் ஃபேனும் ஓடும், ஏசி ஓடக்கூடாது. போன படைப்பில் மேலே மூன்று ஏசி ஒன்றாக ஓடியபோது மெயின் போர்டு பக்கம் ரப்பர் கருகிய வாடை வந்தது, நான் போய் ஒன்றை நிறுத்தினேன். ஒவ்வொரு ஏசிக்கும் போர்டிலிருந்து தனியாகக் காப்பர் வயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே கட் ஆகிற சுவிட்ச்), ஒழுங்கான எர்த் வேண்டும், மின்வாரியத்தில் வாங்கியிருக்கிற லோடு போதுமா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் செலவு ஏசி விலைப்பட்டியலில் இருக்காது. மிஷினுக்கு முன்னால் இதை முடிக்க வேண்டும், சுற்றி இருப்பது தேக்கு.

அப்புறம் சுவர். சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவரில் ஏசிக் குழாய் போக உளியும் சுத்தியலும் வைத்து ஓட்டை போட்டால் பூச்சு பாளம் பாளமாக விழும். வட்டமாக அறுத்தெடுக்கிற கோர் கட்டிங் மிஷினில்தான் போட வேண்டும், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. ஓரத்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள், ஈரம் உள்ளே தங்கிச் சுண்ணாம்பை உதிர்த்துவிடும், சுண்ணாம்புச் சாந்தே போதும். புழுக்கமான நாளில் 1.5 டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணீர் விடும். அது சுவரோரம் சொட்டாமல் பின்கட்டுச் செடிகளுக்குப் போகட்டும். முகப்புச் சுதை பொம்மைகளுக்குப் பக்கத்தில் அவுட்டோர் வைக்க யார் கேட்டாலும் நான் ஏணி கொடுக்க மாட்டேன்.

மாட்டுகிற அன்றைக்கு யாராவது ஒருவர் கூட நிற்க வேண்டும். பழைய ஆர்22 பைப்பையே புது மிஷினுக்குப் போட்டுவிடுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே பழைய ஆயில் ஒட்டியிருக்கும், புது மிஷினில் இருக்கிற ஆர்32 கேஸின் அழுத்தமோ ஆர்22-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, வேக்கம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் முழுதாக இழுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். பம்ப் கொண்டுவராமல் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றுகிற குறுக்குவழி ஒன்று உண்டு, ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அது ஆபத்தும்கூட. பத்து வருஷ வாரண்டி என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும், உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டுக்கும் கேஸுக்கும் கூலிக்கும் எவ்வளவு என்று பில் போடும்போதே எழுதி வாங்குங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டில் பல்லி போர்டுக்குள் போய்ச் செத்து ஷார்ட் ஆவதும், குளவி தண்ணீர் வெளியேறுகிற டிரெய்ன் குழாயில் மண் அப்புவதும் நான் மாதாமாதம் பார்ப்பது. ஊருக்குக் கிளம்பும்போது எம்சிபியை இறக்கிவிட்டுப் போங்கள், மாதம் ஒருநாள் நான் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். நன்றாக ஓடுகிற இரண்டை அப்படியே வைப்போம். கீழே ஒன்று, மாடியில் மேற்கு அறைக்கு ஒன்று, ஆக இரண்டு மட்டும் புதிது. மீதிப் பணத்தில் முதலில் வயரிங், பிறகு மாடித் தளத்தில் உடைந்த தட்டோடுகளை மாற்றி மேலே வெள்ளை அடிப்பது, அந்த அறையின் வெக்கையில் பெரும்பகுதி கூரையிலிருந்து இறங்குவது. ஏசி போட்டால் 26-ல் வைத்து ஃபேனையும் சுற்றவிடுங்கள், ஆச்சிக்கும் ஒரே போர்வை போதும்.

அறை அளவு, உத்தர உயரம், எந்தச் சுவரில் எப்போது வெயில் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், படம் எடுத்து அனுப்புகிறேன். மெட்ராஸ் ஆச்சியும் சிங்கப்பூர் அண்ணனும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை யாரும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
வீட்டோடு இருக்கும் உங்கள் பங்காளி