700 இல்லை கலா, 260

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் பெங்களூரிலேயே இருக்கிறான், சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெயிலைப் பற்றி உனக்கு நான் எழுதவே வேண்டாம், நீ இந்த ஊரில் பிறந்தவள். நம் சிநேகிதி "ஊறுகாய்" போன வாரம் வந்திருந்தாள். அதே சிரிப்பு, அதே "அப்புறம் தரேன்டி". சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் இளைக்கிறதற்கென்று ஒரு கிளப்பில் சேர்ந்து, கூடவே போனில் கலோரிக் கணக்கும் போடுகிறாயே, அதற்காக நீ வாட்ஸப்பில் அனுப்பிய சாப்பாட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிடி, சரிடி" என்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுசாகப் படி.

அந்தப் புதன்கிழமைப் படம் நினைவிருக்கிறதா? நீல விளிம்புத் தட்டில் சோறு, தட்டுக்கு அடியில் தராசு, தராசில் 200. பக்கத்திலேயே உன் போன் ஆப்பில் "ரைஸ், 200 கிராம், 700 கலோரி". அந்த இடத்தில்தான் எனக்குப் பகீர் என்றது. நூறு கிராமுக்கு 350 கலோரி என்பது அரிசிக்கு உள்ள கணக்கு. வேகாத அரிசிக்கு. நீ நிறுத்தது சோறு. நூறு கிராம் அரிசி தண்ணீர் குடித்து வெந்து வரும்போது 270, 300 கிராம் சோறாகிவிடும். கலோரி அதே 350தான், எடைதான் ஏறுகிறது. ஆக உன் தட்டில் இருந்த 200 கிராம் சோற்றுக்கு 260 கலோரி. ஆப் 440 கலோரியை அதிகமாகப் போட்டிருக்கிறது.

இப்போது நீயே கூட்டிக் கழித்துப் பார். ராத்திரி படுக்கும்போது அன்றைய கணக்கு 1200 என்று காட்டியது, நீயும் சரியாக இருக்கிறோம் என்று படுத்துவிட்டாய். அதில் 440 போனால் மீதி 760. கலா, ஒரு நாள் முழுக்க, பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று வேலை பார்த்துவிட்டு, நீ சாப்பிட்டது 760 கலோரி. அப்புறம் ஏன் பஸ்ஸில் கை நடுங்காது, ஏன் கண் இருட்டாது?

இதைக் கிண்டலாக எழுதவில்லை. அந்த பஸ் விஷயத்தை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். "கிளப்பில் எடை பார்க்கிற நாள்டி, காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல, இறங்கறப்ப வேர்த்துக் கொட்டிடுச்சு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை வியாதிக்கு நீ போடுகிற மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தனியாகப் போட்டால் அது சர்க்கரையை ரொம்பக் கீழே தள்ளுவது அபூர்வம். ஆனால் கிளிமெபிரைடும் போடுகிறாய். அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. நீ சாப்பிட்டாயா, பட்டினியா என்று பார்க்காமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, பஸ் ஏறினால் சர்க்கரை சரசரவென்று இறங்கத்தான் செய்யும். நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் அதற்கான அடையாளம். அடுத்தது மயக்கம். பஸ்ஸில் யாருக்குத் தெரியும் உனக்கு என்ன ஆகிறதென்று?

ஆஸ்பத்திரி டயட் கிச்சனில் என் காலமெல்லாம் போனது. சர்க்கரை இறங்கி ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் "இளைக்கணும்". அதனால் முதலில் இதைச் செய். கைப்பையில் குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் விரலில் குத்திப் பார். நாங்கள் இங்கே 70 என்கிற அளவு, உங்கள் மெஷினில் அலகு வேறு, 4 என்று காட்டும். அதற்குக் கீழே என்றால் மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடி. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார். ஏறியதும் ஏதாவது சாப்பிடு, அப்படியே விட்டுவிடாதே. மெஷின் கையில் இல்லையென்றால் யோசித்துக்கொண்டு நிற்காமல் சர்க்கரையைச் சாப்பிடு.

நீ கேட்டாயே, "கிளப் திட்டத்தையும் கலோரிக் கணக்கையும் சேர்த்துச் செய்யலாமாடி?" என்று. செய்யலாம். ஆனால் நீ இப்போது செய்கிற மாதிரி இல்லை. கிளப்புக்காரர்கள் எண்ணெய், கொட்டை, இனிப்புக்குப் புள்ளி வைத்து அளவு கட்டியிருக்கிறார்கள், அதை அப்படியே குறைத்துவிட்டாய். சோறு, உருளைக்கிழங்கு, முட்டை, பழமெல்லாம் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், கலோரியைப் பார்த்து அதையும் குறைத்துவிட்டாய். ஒரு கையில் இந்தக் கயிறு, இன்னொரு கையில் அந்தக் கயிறு, இரண்டையும் இழுத்துக் கட்டினால் மாடு மூச்சு முட்டிச் சாகும். உங்கள் ஊர் அரசாங்கத்து டாக்டர்களே பெண்களுக்கு இளைக்கிற திட்டத்தில் ஒரு நாளைக்கு 1400 கலோரி என்றுதான் வைத்திருக்கிறார்கள். 800 அல்லது அதற்கும் கீழே போவதென்றால் டாக்டர் மேற்பார்வை இல்லாமல் கூடாது. அப்படிச் செய்கிற சர்க்கரைக்காரர்களுக்குக் கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையை முதல் நாளே நிறுத்திவிடுகிறார்கள். நீ மாத்திரையும் போட்டுக்கொண்டு 760இல் நிற்கிறாய்.

கிளப்பை நான் குறை சொல்லவில்லை. அதன் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் ஜீன் நிடெட்ச் என்று ஒரு அம்மா, 1961இல் தன்னைப் போலவே குண்டாக இருந்த சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, "நான் ராத்திரியில் திருட்டுத்தனமாக பிஸ்கட் தின்கிறேன்" என்று மனசு விட்டுப் பேசியதில்தான் இந்தக் கிளப் சமாச்சாரமே ஆரம்பித்தது. 1963இல் அது கம்பெனியாயிற்று. 1969இல் உங்கள் இங்கிலாந்திலேயே டெர்பிஷயரில் இன்னொன்று. வாரம் ஒரு நாள் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கு இருக்கிற பலம் எந்த ஆப்புக்கும் கிடையாது. நம் கோட்டை அகழிப் பக்கம் காலையில் நடக்கிற பெண்களைப் பார்த்தால் தெரியும், துணை இருப்பதால்தான் ஐந்து மணிக்கு எழுந்து வருகிறார்கள். அங்கே உனக்கு அந்தப் பேச்சுத் துணை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதனால் கிளப்பை விடாதே.

ஆனால் அந்தக் கிளப் புத்தகம் வெள்ளைக்காரர் தட்டைப் பார்த்து எழுதியது. தட்டில் மூன்றில் ஒரு பங்கு காய், ஒரு துண்டு மீன், பக்கத்தில் கொஞ்சம் சோறு. அவர்களுக்கு "வயிறு நிறைய" என்றால் சோறு அளவோடு நின்றுவிடும். நாம் அப்படியா? முதலில் சாம்பாருக்கு, அப்புறம் ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு. மூன்று தடவை போட்டுக்கொண்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் கிளப் சொன்னபடியே செய்தும் உனக்கு எடை இறங்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கணக்குப் பார்க்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். காய்க்கும் கீரைக்கும் கணக்குப் போட்டு ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்?

நான் சொல்கிற வழி இது. கிளப் திட்டத்தை அப்படியே வைத்துக்கொள். கலோரி பார்ப்பது சோறு, எண்ணெய், தேங்காய் வேர்க்கடலை, இவ்வளவுக்கு மட்டும். சோற்றை நிறுக்காதே, அரிசியாக இருக்கும்போதே நிறுத்துவிடு. ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி, 260 கலோரி, வெந்தால் ஏறக்குறைய உன் நீலத் தட்டு அளவுதான் வரும். பத்துப் பதினைந்து நாள் நிறுத்தால் கண் பழகிவிடும். அப்புறம் தராசை எடுத்துப் பரணில் வை.

எண்ணெய்க்கு வா. இது உன் புத்தகத்திலும் புள்ளியாக இருக்கிறது, ஆனால் நீ ஸ்பூனில் அளப்பதே இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவும் அளந்ததில்லை, என் அம்மாவும் அளந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தது. நம் இலவம்பாடிப் பக்கத்துக் காய். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், தெரியுமோ? காம்பில் முள் இன்னும் குத்துகிற மாதிரி, அவ்வளவு புதுசு. அரைக் கிலோ வாங்கி எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தேன். உனக்காகவே ஒரு வேலை செய்தேன். நல்லெண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து எடை பார்த்தேன், வழக்கம் போலக் கை போன போக்கில் ஊற்றினேன், மறுபடி பாட்டிலை வைத்தேன். 91 கிராம் குறைந்திருந்தது. கிராமுக்கு 9 கலோரி, மொத்தம் 820. அரைக் கிலோ கத்தரிக்காய்க்கோ 125தான். கத்தரிக்காய் வயிறு நிறையத் தின்னலாம் என்று கிளப் சொல்வது சத்தியம், ஆனால் நம் கத்தரிக்காய் வாணலியில் எவ்வளவு எண்ணெய் இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

ராத்திரி மறுபடி வைத்தேன், 40 கிராம் எண்ணெயில். காயை நாலாகக் கீறி முதலில் ஆவியில் முக்கால் பதம் வேகவைத்து, அப்புறம் வாணலியில் மசாலாவோடு புரட்டினேன். புளி கொஞ்சம் தூக்கல். அவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எண்ணெய் 90 கலோரி. பாட்டிலை நிறுக்கிற வித்தையை நீயும் செய். ஸ்பூன் கழுவுகிற வேலையும் மிச்சம். வேர்க்கடலையையும் எள்ளையும் குறைத்துப் போடு, அதுவும் எண்ணெய்தான்.

இன்னொன்று. "ஒரு வாரம் முழுக்க வாயைக் கட்டியும் அரைப் பவுண்டு ஏறிடுச்சுடி" என்று அழுதாயே, அரைப் பவுண்டு என்றால் 227 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர். முந்தின நாள் ஊறுகாய் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தால் உப்பு அவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நம் ஊறுகாயைச் சொல்லவில்லை. உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரை வைத்திருக்கும். அதனால்தான் பட்டினி கிடந்தால் சட்டென்று எடை இறங்குகிறது, ஒரு வேளை சோறு சாப்பிட்டால் சட்டென்று ஏறுகிறது. இதில் கொழுப்பு எங்கே போயிற்று, எங்கே வந்தது? ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி. தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ, போகப் போக அதுவும் மெதுவாகும். தராசு ஏறி நிற்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகக் காலையிலிருந்து பட்டினி கிடந்து நீ யாருக்குக் கணக்குக் காட்டுகிறாய்? அங்கே கைதட்டுகிறவர்களுக்கு நீ மாத்திரை சாப்பிடுவது தெரியுமா?

தெரியும், தையில் ஆம்பூரில் அண்ணன் பெண் கல்யாணம். அதற்குள் அந்தப் பச்சைப் பட்டு ஜாக்கெட் போட வேண்டும். உன் சின்ன அண்ணி என்ன சொல்வாள் என்று எனக்கும் தெரியும். சொல்லட்டும்டி. அந்த வாயை நாம் ஐந்தாம் வகுப்பிலிருந்து பார்க்கிறோம். ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கலாம், நம் டெய்லர் அண்ணன் இன்னும் லாங் பஜாரில்தான் இருக்கிறார். கல்யாணத்தில் சீரக சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் போடுவார்கள், நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம்.

நீ இளைக்க வேண்டியது நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் உடம்பு வாகுக்குப் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 23 தாண்டினாலே ஜாக்கிரதை என்கிறார்கள், பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டர். உனக்கு இரண்டும் தாண்டியிருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. கொஞ்சம் எடை குறைந்தாலே சர்க்கரை நன்றாகக் கட்டுப்படும், மாத்திரையே குறையலாம். அதைக் குறைக்கிறது டாக்டர். நீயாக நிறுத்தவும் கூடாது, நீயாகப் பட்டினி கிடக்கவும் கூடாது.

போன வியாழக்கிழமை குடியாத்தம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தெரிகிறதாம், உன் போட்டோவைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கன்னமெல்லாம் ஒட்டிக்கினு கீது, துன்றாளா இல்லியா?" என்று கேட்டார்கள். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நீ உண்மையாக்கு.

அடுத்த எடை பார்க்கிற நாளில் காலையில் இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போ. அதற்கு முன்னால் டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டு, பஸ்ஸில் நடந்ததைச் சிரிக்காமல் சொல்லி, மாத்திரை அளவைப் பார்க்கச் சொல். எந்தத் தேதி கொடுத்தார்கள் என்று எனக்கு ஒரு வரி போடு. இங்கே நடுராத்திரியானாலும் பரவாயில்லை, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.

உன்,
தேவகி

பி.கு.: ஆப்பில் "வெந்த சோறு" என்று தனியாக இருக்கும், தேடிப் பார். இல்லையென்றால் நூறு கிராமுக்கு 130 என்று நீயே போட்டுக்கொள்.