ஆண்டறிக்கை 2024-25: இந்த வருசம் கொட்டகை விவகாரம்தான்

நம் குடியிருப்போர் சங்க உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். தெருவிளக்குக்கு மனு கொடுத்தாயிற்று, வாய்க்கால் அடைப்பு பழைய கதைதான். நம் செயற்குழுவின் நேரத்தை இந்த ஆண்டு அதிகம் தின்றது கொல்லைப்புறத் தகரக் கொட்டகைகள் என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சித்திரைக் கடைசியில் இடியோடு வந்த காற்றில் மேலத் தெருவில் ஒரு கொட்டகையின் கூரை அப்படியே கிளம்பி, அடுத்த வீட்டு முருங்கையை முறித்துக்கொண்டு போய்க் கரண்டுக் கம்பத்தடியில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாரத்துக்கென்று மேலே ஏற்றி வைத்திருந்த ஹாலோ பிளாக் கல்லில் ஒன்று கார் கண்ணாடியில் இறங்கிவிட்டது.

கூரைத் தகர ஷீட் தரம் குறைவு, அதனால்தான் பறந்தது என்று பலரும் சொன்னார்கள். ஷீட் என்ன செய்யும்? காற்று கூரையை மேலிருந்து உறிஞ்சுகிறது, கதவு திறந்து கிடந்தால் உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளுகிறது. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா கூட்டத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: மணிக்கு 60 கி.மீ. காற்றுக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ விசை, அப்படியானால் பத்துக்கு எட்டு அடிக் கூரையை 120 கிலோவுக்கு மேல் தூக்கப் பார்க்கும், தகரமோ மொத்தமாக 40 கிலோ தேறாது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 நம் மதுரைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. அதற்கு நாலு கல் எந்த மூலைக்கு?

ஆகவே கூரை மேல் கல், டயர், மணல் மூட்டை எதுவும் வேண்டாம் என்று முடிவானது. கொட்டகையின் கால்களைத் தரையோடு பிடிக்க வேண்டும். நல்ல கான்கிரீட் தளமாக இருந்தால் காலுக்கு அடித்தகடு வைத்து, துளையிட்டு இறுக்கும் ஆங்கர் போல்ட் போடலாம், ஆனால் நம் பக்கம் பாதி வீடுகளில் செங்கல் ஜல்லி மேல் ஒரு சிமெண்ட் பூச்சுதான், அதில் போல்ட் பிடிக்கவே பிடிக்காது, பிடுங்கிக்கொண்டு வரும். அங்கெல்லாம் மூலைக்கு ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழம் குழி எடுத்துக் காலை இறக்கிக் கான்கிரீட் போடுங்கள், ஒரு குழியே 300 கிலோ எடை நிற்கும். அப்புறம் ஷீட்டின் ஓரத்திலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாக, ஷீட்டின் நெளிவு மேட்டில் போடச் சொல்லுங்கள். வெல்டிங்காரர்கள் நடுவில் நாலு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் மழை ஒழுகும். கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் கட்டாயம்.

சங்கப் பணத்தில் ஒரு ஹேமர் டிரில் வாங்கியிருக்கிறோம், பொருளாளர் வீட்டில் இருக்கிறது. நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். பிட் உடைந்தால் உடைத்தவர்தான் புதுசு வாங்கி வைக்க வேண்டும். ஆடி பிறப்பதற்குள் வேலையை முடித்துவிடுங்கள், சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு டிரில் கிடையாது.

இப்படிக்கு,
செயலாளர்