சியோலிலிருந்து அப்பாவுக்கு

சியோல்
நவம்பர் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் நன்றாக இறங்கிவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்தால் மட்டும் போதாது, டாக்டரிடம் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

போன வாரம் போனில், "அந்த ஊரில் மிஞ்சுகிற சோறு, காய்கறியை எல்லாம் என்னம்மா செய்கிறார்கள்?" என்று கேட்டீர்கள். நம் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தையில் கடையைக் கட்டும்போது வாடிப்போன கீரையை வேறு வழியில்லாமல் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர் நீங்கள். போனில் அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் வாசலை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. வீட்டுக்குக் கொடுத்த அட்டையைக் காட்டினால் மூடி தானாகத் திறக்கும். மிச்சச் சோறு, காய்த்தோல் எல்லாவற்றையும் கொட்டியதும் எடையைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தோடு அந்த எடைக்கான காசும் சேர்ந்து வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் நாம் வீணாக்கியது எத்தனை கிராம் என்று கண் முன்னால் எண் ஓடும்போது மனசு உறுத்துகிறது. அதனால் எல்லோரும் ஒட்டப் பிழிந்துதான் கொண்டுவருகிறார்கள், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க யாருக்கு மனசு வரும்? பெட்டி இல்லாத தெருக்களில் இதற்கென்று விற்கிற பையை வாங்க வேண்டும், கட்டணம் பையின் விலையிலேயே அடக்கம்.

எதை வேண்டுமானாலும் அதில் போட்டுவிட முடியாது. முட்டை ஓடு, எலும்பு, வெங்காயச் சருகு, பழக்கொட்டை, டீத்தூள் எல்லாம் பொதுக் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஆடு மாடு தின்னுமா என்று யோசித்துப் போடு என்றுதான் வந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெட்டியில் விழுவதில் ஒரு பங்கைக் காயவைத்து அரைத்துத் தீவனமாக்குகிறார்கள், ஒரு பங்கு எருவாகிறது, பிழிந்த நீரிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். நம் அப்பத்தா வாசலில் வைத்திருந்த கழுநீர்ப் பானைக்கும் இதே சட்டம்தானே? மீன் முள் விழுந்துவிட்டால் என்ன சத்தம் போடும்!

இவர்கள் மட்டும் ஆதியிலிருந்தே இப்படியா என்றால் இல்லை. ஹான் ஆற்றோரம் நான்ஜிதோ என்று ஓர் இடம். 1978 முதல் 1993 வரை நகரத்தின் குப்பை அங்கேதான் கொட்டப்பட்டது. கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்துக்கு மலையாகிவிட்டது. 1995-ல் பொதுக் குப்பைக்குக் காசு கொடுத்துப் பை வாங்கும் முறை வந்தது. உணவுக் கழிவை அப்படியே மண்ணில் புதைக்க 2005-ல் தடை போட்டார்கள். அதன் கழிவுநீரைக் கடலில் கொட்டுவதும் 2013-ல் நின்றது. உணவுக் கழிவின் அளவுக்கு ஏற்ற கட்டணம் நாடு முழுக்க வந்ததும் அந்த வருடம்தான். நான்ஜிதோ மேட்டை மண் போட்டு மூடி, உள்ளே ஊறும் வாயுவைக் குழாய் வைத்து எடுத்து, 2002-ல் பூங்காவாகத் திறந்தார்கள். போன மாதம் போயிருந்தேன். மேலே ஆள் உயரத்துக்கு நாணல் பூத்து நிற்கிறது. அங்கே நின்றபோது நம் ஊர் அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வந்தது. அந்த ஜனங்கள் எத்தனை வருடமாக அந்த நாற்றத்தோடு இருக்கிறார்கள், பாவம்.

அப்புறம் இன்னொன்று. ஊர் ஓரத்தில் சின்னச் சின்னப் பாத்திகளை ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சனி ஞாயிறில் குடும்பத்தோடு போய்ப் பயிர் செய்யலாம். 2012-ஐ நகர விவசாயத்தின் முதல் ஆண்டு என்றே இந்த மாநகராட்சி அறிவித்தது. என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மா அங்கே கோஸும் முள்ளங்கியும் போட்டிருக்கிறார். இப்போது கிம்ச்சி போடுகிற காலம், அது இவர்களுடைய காய்கறி ஊறுகாய். அவர் வீட்டு பால்கனியில் கயிறு கட்டி முள்ளங்கிக் கீரையை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். தொட்டால் பொடியும் அளவுக்குக் காய்ந்ததும் எடுத்து வைத்து, குளிர்காலம் முழுக்க ஊறவைத்து வேகவைத்துக் குழம்பு வைப்பாராம். கோஸின் வெளி இலையைக்கூட விடுவதில்லை. நம் சந்தையில் முள்ளங்கி வாங்குகிறவர்கள் கீரையைத் திருகி அங்கேயே போட்டுவிட்டுப் போவார்களே, அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது அப்பா, உப்பு. கிம்ச்சி, சூப், சோயா விழுது எல்லாவற்றிலும் உப்பு. அந்த உணவுக் கழிவில் செய்த உப்பேறிய எருவை வயலில் போட விவசாயிகள் தயங்குகிறார்கள். இவ்வளவு இயந்திரம் இருந்தும் மண்ணுக்குத் திரும்புகிற கடைசி வழி இடறுகிறது.

நம் ஊருக்கு அந்தத் தொல்லை குறைவு. மாட்டுத்தாவணிச் சந்தையிலும் பரவைச் சந்தையிலும் விழுவது கோஸ் இலை, வாழைச் சருகு, கீரைத் தண்டு. பூ மார்க்கெட்டில் வாடிய பூ. எல்லாம் பச்சைக் கழிவு, உப்பில்லாதது. வயலும் பக்கத்திலேயே இருக்கிறது. 1999 நவம்பர் 14-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது நம் அண்ணா நகரில்தான். தரகர் இல்லாமல் விளைச்சல் நேராக ஊருக்குள் வர வழி போட்ட ஊர் மதுரை. ஆனால் விடியற்காலையில் காய் ஏற்றி வருகிற குட்டியானை மத்தியானம் காலியாகத்தானே திரும்புகிறது? அந்த வண்டியில் கழிவு இலையை மூட்டை கட்டி ஏற்றிவிட்டால் வாடகை தனியாக ஆகாது. இதைத்தான் நீங்கள் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதலில் நம் பக்கத்திலிருந்து வருகிற நாலைந்து கீரைக்காரர்களிடம் பேசுங்கள். சந்தை நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கழிவை வெளியே அனுப்புகிற வேலை அவர்களுக்கும் மிச்சம். மூட்டை கட்டும்போதே ரப்பர் பேண்டையும் பிளாஸ்டிக் பையையும் பொறுக்கிவிட வேண்டும், வயலுக்கு வந்த பிறகு பொறுக்க முடியாது. பூவில் வாழைநாரில் கட்டியதை மட்டும் எடுங்கள், நைலான் நூல் மக்காது.

கிணற்றடிக்கு மேற்கே இருக்கிற பழைய எருக்குழியே போதும். ஒரு வரிசை இலை, ஒரு வரிசை சாணியும் காய்ந்த சருகும் என்று போடுங்கள், பச்சை இலை மட்டும் போட்டால் கொழகொழத்து நாறும். இப்போது மழைக்காலம், குழியில் தண்ணீர் நிற்கக்கூடாது. மேலே கீற்றுப் போட்டு, சுற்றி வரப்பு எடுத்துவிடுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகப் பணம் அனுப்பியிருக்கிறேன். கீற்று என்ன விலை சொல்கிறார்கள், யார் யார் சேர வருகிறார்கள் என்று தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்