பெரிய டிராக்டர் எடுக்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் ரெண்டையும் முழுசா கேட்டேன். கையில இருக்குற 24 எச்பி (குதிரைத்திறன்) மினி டிராக்டர குடுத்துட்டு 35, 36 எச்பி பக்கம் போயிடலாமா, இல்ல இதுலயே இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாமான்னு கேட்டிருக்க. போன்ல நாலு வார்த்தைல முடியிற பேச்சு இல்ல இது, அதான் உக்காந்து எழுதுறேன். இதே யோசனைல இருக்குற வேற யாருக்காவது உதவுச்சுன்னாலும் சந்தோஷம்தான்.

நீ திரும்ப திரும்ப சொன்னது "பவர் பத்தலண்ணே" அப்படிங்கறது. அங்கதான் எனக்கு சந்தேகமே. உழவுல வண்டி திணறுதுன்னா இன்ஜின் முக்கலாம், டயர் வழுக்கலாம், பின்னாடி மாட்டுன கருவிய ஹைட்ராலிக் தூக்க முடியாம தவிக்கலாம், இல்ல வண்டில ஒரு கொறையும் இல்லாம வேல ஜாஸ்தியாகி நாள் பத்தாம போகலாம். நாலுக்கும் நாம சொல்றது ஒரே வார்த்தை, "பத்தல". ஆனா நாலுக்கும் வைத்தியம் வேற வேற. இதுல எது உன் வண்டில முதல்ல கைய விரிக்குதுன்னு தெரியாம பெரிய வண்டி எடுத்தா, காசும் போயி அதே திணறலும் கூடவே வரும்.

சுழல் பிளேடால மண்ண வெட்டிப் பொடியாக்குற ரோட்டவேட்டர்ல இருந்து ஆரம்பிக்கலாம், அதுலதான் இன்ஜினோட உண்மையான பலம் தெரியும். 24 எச்பின்னு பானட்ல போட்டிருக்கறது இன்ஜின் கணக்கு, பின்னாடி கருவிய சுத்த வைக்கிற பிடிஓ ஷாஃப்டுக்கு வந்து சேர்றப்ப 20, 21 தான் மிச்சம். ஆக்சிலேட்டர் லீவர பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்து வர்ற மார்க்குல வச்சுட்டு ரோட்டவேட்டர இறக்கு. இன்ஜின் சுத்து மீட்டர் முள்ள பாரு, சத்தத்த கேளு. முள்ளு லேசா எறங்கி நின்னுக்கிச்சுன்னா பிரச்சனையே இல்ல. சரசரன்னு எறங்கி கரும்புகை தள்ளுச்சுன்னா ஒரு கியர் கம்மி பண்ணிப் பாரு, பிளேடு தேஞ்சு போயிருக்கான்னு பாரு, ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டையும் சுத்தமாக்கிட்டு பாரு. நெறைய பேரு தேஞ்சு மழுங்குன பிளேட மாட்டிக்கிட்டு மண்ண வெட்டாம அடிச்சுக்கிட்டே ஓட்டுறாங்க, அதுக்கு இன்ஜின் என்ன பண்ணும் பாவம். இத்தனையும் சரி பண்ணி, கம்மி கியர்ல, நியாயமான ஆழத்துலயும் முள்ளு எறங்கிக்கிட்டே போச்சுன்னாதான் உனக்கு நெசமாவே எச்பி கொறை.

இப்ப மண்ண கீறி உழுற கல்டிவேட்டருக்கு வா. இங்கதான் எனக்கு சொல்ல நெறைய இருக்கு, ஏன்னா நீ கூட அனுப்புன உழவு வீடியோவுல நான் பாத்ததே அதுதான். இன்ஜின் அலட்டிக்காம ஒரே சத்தத்துல ஓடுது, ஆனா பின் டயர் மண்ண வாரி வாரி பின்னாடி தள்ளுது. இது பவர் கொறை இல்ல தம்பி, பிடிமானம் கொறை. இந்த எடத்துல நீ இன்னும் 10 எச்பி சேத்தா அந்த 10ம் டயர வேகமா சுத்தறதுக்குத்தான் போகும். இழுவைங்கறது கடைசில டயர் மேல நிக்கிற எடையும், அந்த டயர் மண்ணப் பிடிக்கிற பிடியும்தான்.

வழுக்கல அளந்து பாக்க ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். பின் டயர்ல பக்கவாட்டுல ஒரு கோடு போடு. கல்டிவேட்டர தூக்கி வச்சுக்கிட்டு, உழப் போற அதே மண்ணுல, டயர் 10 சுத்து சுத்தறதுக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு அள. 30 மீட்டர்னு வச்சுக்கோ. அப்புறம் கல்டிவேட்டர எறக்கி உழுதுக்கிட்டே அதே 10 சுத்து. 26 மீட்டர் வந்தா வழுக்கல் 13 சதவீதம், அது ரொம்ப நல்ல நெலம. மண்ணுல 10ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் வழுக்கறது இயல்பு, கொஞ்சமாவது வழுக்குனாத்தான் இழுவையே கெடைக்கும். 22, 23 மீட்டர்தான் வந்துச்சுன்னா நீ ஊத்துற டீசல்ல கால்வாசி டயரோட ரப்பரத் தேய்க்கத்தான் போகுது. டேப் இல்லாட்டி டயர் தடத்த குனிஞ்சு பாரு, டயர் பட்டன் (மேடான ரப்பர் கட்டை) அச்சு அச்சா அப்படியே பதிஞ்சு கெடந்தா வண்டி தேவைக்கு மேல கனம், அச்சு மொத்தமா அழிஞ்சு மண்ணு இழுவிக் கெடந்தா கனம் பத்தல, ஓரம் தெளிவா தெரிஞ்சு நடுவுல மட்டும் லேசா கலைஞ்சிருந்தா சரியான எடை.

கனம் பத்தலன்னா அதுக்கு வண்டிய மாத்தணும்னு இல்ல. பின் டயர்ல தண்ணி நெரப்பலாம், வால்வ உச்சிக்கு வர்ற மாதிரி வச்சு வால்வு மட்டம் வரைக்கும் நெரப்புனா முக்கால்வாசி நெறஞ்சிடும், மிச்சம் காத்து. வீல்ல இரும்பு வெயிட் மாட்டலாம். ரெண்டுக்கும் கம்பெனி மேனுவல்ல எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்னு வரம்பு போட்டிருப்பாங்க, அதத் தாண்டிடாத. உன் வண்டில, இழுவை பாரத்துக்கு ஏத்த மாதிரி கலப்பைய தானா ஏத்தி எறக்குற டிராஃப்ட் கண்ட்ரோல் லீவர் இருந்தா அத உபயோகிக்கவும் கத்துக்க. ஹாரி ஃபெர்குசன்னு ஒரு மனுஷன் கண்டுபிடிச்ச, கருவிய மூணு எடத்துல புடிச்சு மாட்டுற மூணு பாயிண்ட் லிங்கேஜும் டிராஃப்ட் கண்ட்ரோலும் சேந்த ஏற்பாடு 1939ல வந்த ஃபோர்டு 9என் வண்டில மாட்டி வந்துச்சு. அந்த வண்டியும் உன்னோடது மாதிரி சின்ன வண்டிதான், ஒரு டன்னு சுமாருதான் எடை, ஆனாலும் நல்லா உழுதுச்சு. கலப்பை மண்ணுல அமுங்குற பாரத்தயும் முன் பக்கத்து எடைல ஒரு பங்கயும் பின் டயர் மேல சாய்க்கிறதுதான் சூட்சுமம். இன்னைக்கும் நெறைய பேரு அந்த லீவர ஒரே எடத்துல விட்டுட்டு கருவிய ஒரே உயரத்துல நிறுத்துற பொசிஷன் லீவர மட்டுமே தொட்டு ஓட்டுறாங்க, மண்ணு இறுகுன எடம் வர்றப்ப வண்டி நின்னு வழுக்குது, அப்புறம் வண்டிய திட்டுறாங்க.

ஹைட்ராலிக் விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன். பேப்பர்ல போட்டிருக்குற தூக்குற திறன் பெரும்பாலும் கருவி மாட்டுற கீழ் கையோட (லிங்க்) முனைல அளந்தது. ஆனா நீ மாட்டுற கருவியோட கனம் முனைல நிக்காது, பின்னாடி தள்ளி நிக்கும். முனைல இருந்து 610 மில்லிமீட்டர் பின்னாடி எவ்வளவு தூக்கும்னு தனியா ஒரு கணக்கு இருக்கும், அதக் கேளு, கண்டிப்பா கம்மியாத்தான் இருக்கும். தூக்குறப்ப முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி இல்லாம போகுதான்னும் பாரு. அது லிஃப்ட் கொறை இல்ல, முன்னாடி வெயிட் கொறை.

சரி, எல்லாம் பாத்தாச்சு, பெரிய வண்டிதான் வேணும்னு முடிவாயிடுச்சுன்னு வை. அப்பவும் ஒரு விஷயத்துல ஏமாந்துடாத. ஒரே பாடிய, ஒரே கியர் பாக்ஸ, இன்ஜின் ட்யூனிங்க மட்டும் கொஞ்சம் மாத்தி 24, 27, 30ன்னு ரெண்டு மூணு எச்பில விப்பாங்க. வெளில ஸ்டிக்கர்தான் வேற. அந்த மாதிரி ஒரு படி ஏறுனா ரோட்டவேட்டர்ல கொஞ்சம் வித்தியாசம் தெரியும், இழுவைலயும் தூக்குறதுலயும் ஒன்னுமே தெரியாது. அதனால எச்பிய ஒதுக்கி வச்சுட்டு, வெயிட் ஏத்தாத வண்டி எடை எவ்வளவு, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல நீளம் எவ்வளவு, பின் டயர் சைஸ் என்ன, கிளட்ச் பிளேட் சைஸ் என்ன, இத நாலையும் உன் வண்டியோட பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாரு. நாலும் மாறுனாத்தான் அது பெரிய வண்டி. என் அபிப்பிராயம் இதுல ரொம்ப உறுதி: போனா அடுத்த சைஸ் பாடிக்கு போ, இல்ல இருக்குற எடத்துலயே இரு, நடுவுல நிக்காத.

இன்னொன்னு, சில நாட்டு மாசு விதிகள்ல 19 கிலோவாட்டுக்கு மேல, அதாவது 25 எச்பிய தாண்டுனா, புகைக் கட்டுப்பாடு ரொம்ப இறுக்கம். அங்கெல்லாம் பெரிய வண்டில புகைக் கரி பிடிக்கிற ஃபில்டர் வந்துடும், அது அப்பப்ப தன்னத்தானே சூடாக்கி எரிச்சு சுத்தம் பண்ணிக்கும், கம்மி லோடுல மெதுவா ஓட்டிக்கிட்டே இருந்தா சீக்கிரம் அடைச்சுக்கும். நீ பாக்குற மாடல்ல அது இருக்கான்னு கேட்டுக்க, இருந்தா ஓட்டுற பழக்கத்தயே மாத்திக்கணும்.

வண்டிய மட்டும் மாத்துனா முடியாது. உன் 4 அடி ரோட்டவேட்டர் பெரிய வண்டியோட டயர் தடத்த மூடாது, ரெண்டு பக்கமும் உழாத கோடு நிக்கும். மூடுனாலும் அதோட கியர் பாக்ஸ் இத்தனை எச்பிக்குன்னு செஞ்சது, சின்ன வண்டியா இருந்தா வேர்ல மாட்டுனதும் இன்ஜின் நின்னுடும், பெரிய வண்டி நிக்காம முறுக்கி கியர உடச்சுடும். கருவிய மாட்டுற லிங்க் பின்னும் கவனி, அதுல சைஸ் வகை (கேட்டகிரி) இருக்கு, கேட்டகிரி 1ல கீழ் பின் 22 மில்லிமீட்டர், கேட்டகிரி 2ல 28, புஷ் போட்டு சமாளிக்கலாம்தான் ஆனா ஆட்டம் குடுக்கும். பிடிஓ ஷாஃப்ட் நீளமும் மாறும், உள்குழாயும் வெளிக்குழாயும் போதுமான அளவு ஒன்னுக்குள்ள ஒன்னு நிக்கணும், தூக்குறப்ப முட்டவும் கூடாது. ஆக, நீ போட்டு வச்சிருக்க கணக்கு ஒரு வண்டியோட கணக்கு, உண்மைல அது ஒரு வண்டியும் ஒரு செட் கருவியும்.

நேரக் கணக்குக்கு வர்றேன். 1.2 மீட்டர் அகல ரோட்டவேட்டர், மணிக்கு 3 கிலோமீட்டர், திருப்புறதுக்கும் மடக்குறதுக்கும் போன நேரத்த கழிச்சா மணிக்கு முக்கால் ஏக்கருக்கும் கொஞ்சம் கம்மி. 1.5 மீட்டர் ஆக்குனா முக்காலே அரைக்கால், அதாவது 0.87 ஏக்கர் கிட்ட வரும். நாலு மணி நேர வேலைல ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மியா மிச்சம், அவ்வளவுதான். திறந்த வயல்னா அது பெரிய லாபம். ஆனா உனக்கு பெரும்பங்கு வேல தோப்புல, மர வரிசைக்கு நடுவுல. பெரிய வண்டி அகலம், உயரம், திருப்புற வளைவு எல்லாமே கூட, வரிசை முடிவுல ஒரே மடக்குல திரும்புனது முன்ன பின்ன எடுத்து திருப்புற மாதிரி ஆச்சுன்னா அந்த மிச்சம் அங்கயே கரைஞ்சிடும், தாழ்ந்த கிளை வேற, வண்டி கவுந்தா ஓட்டுறவன காக்குற ரோல் பார்ல மாட்டும். வரிசைக்கு நடுவுல இருக்குற இடைவெளிய கிளையோட கிளை அளந்து பாரு, அடிமரத்தோட அடிமரம் அளக்காத.

மண்ணையும் நெனச்சுப் பாக்கணும். மேல் மண்ணு இறுகுறது டயர் காத்தழுத்தத்தால, அத அழுத்தம் கொறச்சோ டயர் அகலமாக்கியோ சமாளிக்கலாம். அடி மண்ணு இறுகுறது அச்சு மேல வர்ற மொத்த எடையால, அங்க டயர் அகலமாக்குனாலும் பெருசா தப்பிக்க முடியாது. மழை பெஞ்சு ஈரம் சரியா காயாத நெலத்துல உன் சின்ன வண்டி எறங்குற நாள்ல பெரிய வண்டி எறங்கக் கூடாது. வேர் ஓடுற எடத்த வருஷா வருஷம் அமுக்குனா மரம் அத வெளில காட்டறதுக்குள்ள ரொம்ப லேட்டாயிடும்.

இவ்வளவும் படிச்சுட்டு அண்ணன் வேண்டாம்னுதான் சொல்றான்னு நெனச்சுக்காத. ஒரே ஒரு எடத்துல நான் மறு பேச்சில்லாம எடுன்னு சொல்வேன், அது டிரெய்லர். நீ டிரெய்லர்ல பாரத்தோட சரிவுல கீழ எறங்குறேன்னு போற போக்குல சொன்ன பாரு, அதக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. இழுக்கறது சின்ன வண்டியாலயும் முடியும், நிறுத்தறதுதான் முடியாது. பின்னாடி வர்ற பாரம் வண்டிய விட கனமா இருந்து, டிரெய்லர்ல பிரேக்கும் இல்லாம எறக்கத்துல தள்ளுச்சுன்னா டயர் லாக் ஆனாலும் வழுக்கிக்கிட்டே போகும், குறுக்க மடிஞ்சு கவுந்துடும். அந்த வேல உனக்கு அடிக்கடி இருக்குன்னா கனமான வண்டியும் டிரெய்லர்ல பிரேக்கும் ரெண்டுமே வேணும். அதுவரைக்கும் பாரத்த பாதியாக்கி ரெண்டு நடையா எறக்கு, எறக்கத்துக்கு முன்னாடியே கம்மி கியர் போட்டுடு, நடுவுல கிளட்ச் மிதிக்காத. கொக்கிய வண்டிக்குப் பின்னாடி கீழ இருக்குற இழுவைக் கம்பில (டிராபார்) மட்டும் மாட்டு, மேல டாப் லிங்க் எடத்துலயோ அச்சுலயோ கட்டி இழுத்தா முன் பக்கம் தூக்கி ஓட்டுறவன் மேலயே பின்னாடி சாஞ்சிடும். ரோல் பார நிமித்தி வச்சு சீட் பெல்ட் போடு. கிளைக்கு பயந்து மடக்குனா அந்த நேரம் மட்டும் பெல்ட் வேண்டாம், வரிசைய விட்டு வெளில வந்ததும் மறுபடி நிமித்திடு.

டிரெய்லர் வேல எப்பவாவதுதான்னு நீ சொன்னா, என் பேச்ச கேட்டு இந்த வண்டியவே வச்சுக்க. டயர்ல தண்ணி நெரப்பு, பிளேடு மாத்து, வருஷத்துல ஒரு ஆழ உழவுக்கு பெரிய வண்டிய வாடகைக்கு கூப்பிடு.

மனசு ஒத்துக்கலன்னா டெமோவுக்கு வண்டிய கொண்டாரச் சொல்லு, ஆனா அவங்க காட்டுற பொலபொல மண்ணுல பாக்காத. உன் நெலத்துல, இறுகுன மூலைல, உன் வரிசைக்குள்ள, சாக்பீஸ் கோட்டோட ஓட்டிப் பாரு. ரெண்டு வண்டியோட 10 சுத்து தூரத்தயும் எனக்கு அனுப்பு, கையோட அந்த சரிவு எவ்வளவு நீளம்னும் எழுது, அதப் பாத்துட்டு கூப்பிடறேன்.

அன்புடன்,
அண்ணன்