டெல்லியில் வரும் மசோதாக்களும் நம் 1963 சட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் புதுச்சேரியில் எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் பேட்டியைப் படித்தேன். 'ஒரே நாடு ஒரே தேர்தல்', கைதாகி 30 நாள் காவலில் இருக்கும் அமைச்சர்களின் பதவி பறிப்பு, பெண்கள் இடஒதுக்கீடு என்று எல்லாவற்றுக்கும் சூடாகப் பதில் சொல்லியிருக்கிறார். அவர் எந்தப் பக்கம் பேசினார் என்பதில் எனக்குப் புகார் இல்லை; அது அவர் கட்சி, அவர் கொள்கை. ஆனால் இரண்டு பக்கப் பேட்டியில் புதுச்சேரி எங்குமே இல்லை. மதுரைக்காரரோ சேலத்துக்காரரோ சொல்லியிருக்கக்கூடிய பதில்கள்தான் அத்தனையும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அரசமைப்புச் சட்டத்திலேயே வேர்விட்டது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் நம் பேரவை அப்படியல்ல. நாடாளுமன்றம் இயற்றிய 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுச் சட்டம்தான் அதற்கு அடித்தளம். சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் போதும், அதைத் திருத்திவிடலாம். அதனால்தான் இந்த மூன்று விஷயங்களிலும் நமக்கென்று தனியாக ஒரு மசோதா கூடவே வந்தது. 2024 டிசம்பரில் ஒரே தேர்தலுக்கான 129-ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா மக்களவைக்கு வந்த அன்றே, யூனியன் பிரதேசங்களுக்கான திருத்த மசோதாவும் வந்தது. 2025 ஆகஸ்டில் அமைச்சர்கள் பதவிப் பறிப்புக்கான 130-ஆவது திருத்த மசோதா வந்தபோதும் அப்படியே; 1963 சட்டத்தைத் திருத்த இன்னொரு மசோதா. இவற்றைப் பற்றி எங்கள் உறுப்பினர் ஒரு வரி பேசவில்லை. கேட்கவும் இல்லை யாரும்.

பெண்கள் இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பெண்ணாகக் கூடுதலாகவே சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் அரசமைப்பைத் திருத்தியது நமக்குப் போதவில்லை. நம் பேரவைக்கும் அது பொருந்த டிசம்பரில் தனிச் சட்டம் தேவைப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு என்றால் 30 தொகுதிகளில் 10. 2021 தேர்தலில் இங்கே வென்ற பெண் ஒரே ஒருவர். தொகுதி மறுவரையறை முடியாமல் இது நடைமுறைக்கு வராது என்கிறது சட்டம். அதுவரை உங்கள் கட்சி எத்தனை பெண்களை நிறுத்தும் என்று அவரிடம் கேட்டிருந்தால், ஊருக்கு உபயோகமான பதில் ஒன்று கிடைத்திருக்கும்.

'சட்டப் பிரிவெல்லாம் பாமரருக்கு எதற்கு' என்று நினைக்க வேண்டாம். பாகூரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதித் தருகிறேன். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்த வருஷங்களில் நாற்று நடப் போகும் பெண்கள் வங்கிப் புத்தகத்தை நீட்டி, "காசு ஏறியிருக்கா பாருங்க டீச்சர்" என்பார்கள். ஏழைக் குடும்பங்களுக்கான சிவப்பு ரேஷன் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசிக்குப் பதில் 600 ரூபாய். அந்தப் பணத்தில் கடையில் எத்தனை கிலோ வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். நெல் விளையும் ஊரில் அரிசிக்குக் கணக்குப் பார்க்க வைத்தது எது? அதே 1963 சட்டம்தான். துணைநிலை ஆளுநரும் அமைச்சரவையும் ஒத்துப்போகாவிட்டால், 44-ஆவது பிரிவின்படி விவகாரம் குடியரசுத் தலைவருக்கு, அதாவது மத்திய அரசுக்குப் போகும். அரிசியா பணமா என்ற தகராறும் அப்படித்தான் போய், பணம் என்று முடிந்தது. கடைகள் மறுபடி திறந்தது 2024 தீபாவளிக்குத்தான்.

எதிர்ப்போ ஆதரவோ, அதைப் பேரவைக்குள் சொல்லட்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக 2020 பிப்ரவரியிலும் வேளாண் சட்டங்களுக்கு எதிராக 2021 ஜனவரியிலும் நம் பேரவை தீர்மானம் போட்டது. அதை ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் யார் என்ன பேசினார் என்பது அவைக் குறிப்பில் இருக்கிறது. மைக் முன்னால் சொன்னது மறுநாளே மாறிவிடுகிறது.

உங்கள் நிருபர் அடுத்த முறை அவரைச் சந்திக்கும்போது ஒன்றை மட்டும் தவறாமல் கேட்க வேண்டுகிறேன்: 1963 சட்டத்தைத் திருத்த வந்த மசோதாக்களைப் படித்தாரா, அவற்றைப் பற்றிப் பேரவையில் பேச நேரம் கேட்டாரா? பதில் எதுவானாலும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாகூர், புதுச்சேரி